பெரிய எண்ணுக்கு ஜாதகம் எழுதுவது எப்படி? கடலூர், புதுச்சேரி பின்கோடுகளோடு ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து "இதோட பண்புகளை எழுது" என்றால், எல்லோரும் முதலில் போனில் கால்குலேட்டரைத் திறப்பார்கள். பாதித் தவறு அங்கேயே தொடங்கிவிடும். கணித மன்றம், பள்ளிக் கண்காட்சி, போட்டித் தேர்வுப் பயிற்சி, அல்லது சும்மா ஆர்வம் என்று எதற்காக உட்கார்ந்தாலும் வேலை ஒன்றுதான்: எண்ணைப் பகாக் காரணிகளாக உடைக்க வேண்டும், உடைத்தது சரியா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பண்புகள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு நாள் வேலை வீணாகும்.

ஜாதகம் என்பது பேச்சுக்குத்தான். கூட்டு எண் 6 வந்தால் சுக்கிரன், பெயரில் ஓர் எழுத்தைச் சேர்க்கலாமா என்ற கேள்விகளுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு நமக்குத் தெரிந்த எண்களே போதும். புதுச்சேரி தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 605001. அதை இருமுறை ஒட்டி எழுதினால் 605001605001. இந்தப் பன்னிரண்டு இலக்க எண்தான் நம் முக்கிய ஆள். கூடவே கடலூரின் மூன்று பின்கோடுகளும் வரும்: 607001 (மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகம்), 607002 (திருப்பாதிரிப்புலியூர்), 607003 (முதுநகர்). இந்த மூன்றுக்குள் ஒரு நல்ல சங்கதி ஒளிந்திருக்கிறது. நான்காம் படியில் அது வரும்.

1. உட்காரும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு ஒன்று வேண்டும். கோடு போட்ட நோட்டில் இலக்கங்கள் நகர்ந்து போகும். நீண்ட வகுத்தலில் ஓர் இலக்கம் ஒரு கட்டம் தள்ளி விழுந்தாலும் கதை முடிந்தது.

1000 வரையிலான பகா எண் பட்டியல் ஒரு பக்கம் வேண்டும். மொத்தம் 168 எண்கள். நீங்களே சல்லடை முறையில் (ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போவது) எழுதினால் ஒரு மணி நேரம் ஆகும். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள்: 100 வரை 25, 500 வரை 95, 1000 வரை 168. இந்த மூன்றும் ஒத்துவந்தால் நம்பலாம். பெரும்பாலான கைப்பட்டியல்களில் 91 (7 × 13), 119 (7 × 17), 133 (7 × 19), 221 (13 × 17) நுழைந்திருக்கும். அவை நுழைந்தால் கூடுதலாக வகுப்பீர்கள், அவ்வளவுதான். ஒரு பகா எண் விட்டுப்போனால்தான் ஆபத்து.

பன்னிரண்டு இலக்கம் காட்டும் மேசைக் கால்குலேட்டர் ஒன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மளிகைக் கடைக் கல்லாவில் இருப்பதும் போதும். கணினி இருந்தால் பைத்தான் (நிரல் மொழி), பாரி ஜிபி (எண் கணக்குக்கான மென்பொருள்) இரண்டும் இலவசம். ஆக, கால்குலேட்டர் கையில் இருந்தால் மொத்தச் செலவு நோட்டும் ஜெராக்ஸும்தான். செலவாகப் போவது நேரம். ஒரு முறை வகுத்து மீதி எழுத ஏறக்குறைய 15 நொடி என்று வைத்துக்கொண்டு கீழே கணக்குச் சொல்கிறேன்.

2. எண்ணைச் சரியாக எழுதுங்கள்

அற்பமாகத் தெரியும், ஆனால் வழுக்கி விழுவது இங்கேதான். நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் 6,05,00,16,05,001. வாசித்தால் அறுபதாயிரத்து ஐந்நூறு கோடியே பதினாறு லட்சத்து ஐயாயிரத்து ஒன்று. ஆனால் அடுத்த படியில் செய்யப்போகும் 7, 11, 13 சோதனைக்கு மும்மூன்று இலக்கமாகப் பிரிக்க வேண்டும்: 605 001 605 001. கோடி, லட்சக் காற்புள்ளியை வைத்துக்கொண்டே மும்மூன்றாகப் பிரிக்கப் பார்த்தால் தப்பான இடத்தில் வெட்டுவீர்கள். அதனால் வேலை நோட்டில் காற்புள்ளியே வேண்டாம், மூன்று இலக்கத்துக்கு ஓர் இடைவெளி விட்டு எழுதுங்கள்.

புதுச்சேரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குக் காற்புள்ளி என்றால் தசமப் புள்ளி. ஒரே குழுவில் இரண்டு வழியில் படித்தவர்களும் இருந்தால், "இந்த நோட்டில் காற்புள்ளி கிடையாது" என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எண்ணை இரண்டு இடத்தில் எழுதி, ஒருவர் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி வாசிக்க மற்றவர் சரிபார்க்கட்டும். முன்னோக்கி வாசித்தால் 001-ல் ஒரு சுழி விட்டுப்போனதைக் கண் மன்னித்துவிடும்.

3. சின்ன பகா எண்களை முதலில் ஒழியுங்கள்

2, 5: கடைசி இலக்கம் 1. இரண்டாலும் வகுபடாது.

3: இலக்கக் கூட்டுத்தொகை 24. மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே 3 ஒரே முறைதான் வரும். இதை உடனே குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

7, 11, 13: மூன்றையும் ஒரே அடியில் பார்க்கலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. மும்மூன்று இலக்கமாக வலமிருந்து இடமாகக் கூட்டல், கழித்தல் மாற்றி மாற்றிப் போடுங்கள்: 001 − 605 + 001 − 605 = −1208. குறியை விட்டுவிட்டு 1208-ஐ வகுத்தால் 7-க்கு மீதி 4, 11-க்கு 9, 13-க்கு 12. எதுவும் சுழி இல்லை, ஆக மூன்றும் இல்லை.

இதற்கு மேல் ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போகலாம். ஆனால் எதுவரை? வர்க்கமூலம் வரை. 605001605001-இன் வர்க்கமூலம் 777818-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் 62,000-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. நோட்டை மூடிவிடலாம் என்று தோன்றும். மூட வேண்டாம். ஒரு காரணி கிடைக்கும்போதெல்லாம் எண் சுருங்கும், எண்ணோடு எல்லையும் சுருங்கும். 3-ஐ எடுத்துவிட்டால் மீந்தது 201667201667, எல்லை 449073-க்கு இறங்கிவிடும். எல்லையைத் திரும்பக் கணக்கிடாமல் பழைய எல்லை வரை வகுத்துக்கொண்டே போவது புதியவர்கள் செய்யும் பெரிய நேர விரயம்.

வகுக்கும் முன் எண்ணின் உருவத்தையும் ஒரு முறை பாருங்கள். 605001 இருமுறை. ஆறு இலக்க எண்ணை இருமுறை ஒட்டி எழுதுவது அதை 1000001-ஆல் பெருக்குவதற்குச் சமம். 1000001 = 101 × 9901, இரண்டும் பகா எண்கள். எந்த ஊர்ப் பின்கோடாக இருந்தாலும் இருமுறை எழுதினால் 101-உம் 9901-உம் இலவசமாகக் கிடைக்கும். மற்ற நீளங்களுக்கு: மூன்று இலக்கம் என்றால் 1001 = 7 × 11 × 13; நான்கு என்றால் 10001 = 73 × 137; ஐந்து என்றால் 100001 = 11 × 9091; போன் நம்பர் போல பத்து இலக்கம் என்றால் 10000000001 = 101 × 3541 × 27961.

உருவத்தைக் கவனிக்காமல் 2, 3, 5, 7 என்று பட்டியல்படி வந்தவர் 9901-ஐத் தொட 1221 முறை வகுத்திருப்பார், ஏனென்றால் அது 1221-ஆவது பகா எண். 15 நொடிக் கணக்கில் ஐந்து மணி நேரம். 1000 வரையிலான பட்டியலும் அவருக்குப் போதாது. கவனித்தவருக்கு ஒரு நிமிடம்.

4. மீந்தது பகா எண்தானா?

605001 = 3 × 201667. இந்த 201667 மேலும் உடையுமா? எல்லை 449. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 449 × 449 = 201601. நம் எண்ணைவிட 66 மட்டுமே குறைவு. ஆகவே 449-ஆலும் வகுத்துப் பார்த்தே தீர வேண்டும். "கிட்டத்தட்ட 448 தானே" என்று 443-லேயே நிறுத்துபவர்கள் உண்டு. இந்த எண்ணில் அதனால் விடை மாறாது, ஆனால் 201601-ஐக் கொடுத்திருந்தால் அதைப் பகா எண் என்று எழுதிவிட்டு வந்திருப்பார்கள். 449 வரை 87 பகா எண்கள், 22 நிமிட வேலை. எதுவும் மீதியில்லாமல் வகுக்காது. 201667 பகா எண்.

இப்போது கடலூர். 607001-இன் எல்லை 779, அதற்குள் 137 பகா எண்கள். 35 நிமிடம் ஆகும். கடலூரில் பஸ் ஏறினால் புதுச்சேரி வந்து சேருவதற்குள் முடித்துவிடலாம், உட்கார இடம் கிடைத்தால்.

இந்த எண்ணில் கால்குலேட்டர் உங்களை மூன்று இடங்களில் ஏமாற்றப் பார்க்கும். 541-ஆல் வகுத்தால் 1121.99815 என்று வரும். 577-ஆல் வகுத்தால் 1051.9948. 607-ஆல் வகுத்தால் 1000.00164. மேசைக் கால்குலேட்டரில் தசம இடத்தைத் தீர்மானிக்கும் சின்னத் தள்ளுவிசை ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் காசுக் கணக்குக்காக அதை 2-ல் வைத்திருப்பார்கள். அப்படி விட்டால் 541-க்கு 1122.00 என்றும், 607-க்கு 1000.00 என்றும் திரையில் தெரியும். "ஆஹா, வகுபட்டது!" என்று இல்லாத காரணியை எழுதிவிடுவீர்கள். வேலை தொடங்கும் முன் அந்த விசையை முழுத் தசமம் காட்டும் பக்கம் தள்ளுங்கள். அதோடு, ஈவின் முழுப் பகுதியை மட்டும் எடுத்துத் திரும்பப் பெருக்கி, கழித்து, மீதியை எழுதும் பழக்கத்தை விடாதீர்கள்: 1121 × 541 = 606461, 607001 − 606461 = 540. மீதி 540. வகுபடவில்லை, ஒன்று குறைகிறது.

பன்னிரண்டு இலக்க எண்ணில் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும். 605001605002-ஐ 3-ஆல் வகுத்தால் ஈவின் முழுப் பகுதியே பன்னிரண்டு இலக்கம். தசமம் காட்டத் திரையில் இடமே இல்லை. 201667201667 என்று சுத்தமாகத் தெரியும், வகுபட்டதுபோல. திரும்ப 3-ஆல் பெருக்கினால்தான் 605001605001 வந்து குட்டு உடையும்.

137 மீதிகளையும் வரிசையாக எழுதிவைத்தீர்கள் அல்லவா? இனி 607002-க்கும் 607003-க்கும் புதிதாக வகுக்க வேண்டாம். அதே பட்டியலில் ஒவ்வொரு மீதியோடும் 1 அல்லது 2 கூட்டுங்கள். கூட்டுத்தொகை வகுத்த எண்ணுக்கே சமமானால் வகுபடும். 541-க்கு மீதி 540, ஒன்று கூட்டினால் 541. ஆக 607002-ஐ 541 வகுக்கும். முடிவு இதுதான்:

607001 பகா எண்.
607002 = 2 × 3 × 11 × 17 × 541.
607003 பகா எண்.

மஞ்சக்குப்பமும் முதுநகரும் இரட்டைப் பகா எண்கள் (2 மட்டுமே வித்தியாசமுள்ள ஜோடி), நடுவில் ஐந்து பகா எண்களாக உடையும் திருப்பாதிரிப்புலியூர்! இதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, அப்படி அமைந்துவிட்டது. இரட்டைப் பகா எண்களுக்கு நடுவில் வரும் எண் 6-இன் மடங்காகத்தான் இருக்கும் (3, 5 என்ற முதல் இரட்டை மட்டும் விலக்கு). அதைச் சரிபார்ப்பாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பகா எண் என்று சொன்னால் "எப்படி நம்புவது?" என்று கேட்பார்கள். 137 வரி மீதிப் பட்டியலே ஒரு சான்றுதான், ஆனால் அதை யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். 607003-க்கு நான்கு வரிச் சான்று எழுதலாம், அடுத்த வீட்டு எண் முழுக்க உடைந்திருப்பதால் இது முடிகிறது. 607002 = 541 × 1122. 2-இன் 1122-ஆம் அடுக்கை 607003-ஆல் வகுத்தால் மீதி 253267. அந்த மீதியின் 541-ஆம் அடுக்கை மறுபடி 607003-ஆல் வகுத்தால் மீதி 1. 253266-க்கும் 607003-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. இவை மூன்றும் சரி என்றால், 607003-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 541-ஆல் வகுத்தால் 1 மீதி தருவதாகத்தான் இருக்க வேண்டும். எல்லையான 779-க்குள் அப்படிப்பட்ட எண் 542 ஒன்றுதான், அது இரட்டை எண். ஆக வகுப்பார் யாருமில்லை.

கையால் இதைச் செய்ய இருபது முறை வர்க்கம் கண்டு, ஒவ்வொரு முறையும் மீதி எடுக்க வேண்டும். ஒரு மதியம் போகும். நடுவில் ஓர் இலக்கம் தவறினாலும் கடைசியில் 1 வராது, வந்துவிட்டால் கணக்கு சரி என்று நம்பலாம். இப்படித் தன்னைத் தானே சோதிக்கும் கணக்குகள் அபூர்வம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "2-இன் அடுக்கு மீதி 1 வந்தது, ஆகவே பகா எண்" என்று அதோடு நிறுத்தக் கூடாது. 341-ஐப் பாருங்கள். 2-இன் 340-ஆம் அடுக்கை 341-ஆல் வகுத்தால் மீதி 1 தான், ஆனால் 341 = 11 × 31. மீதி 1 வராவிட்டால் அது பகு எண் என்று அடித்துச் சொல்லலாம். வந்தால் இன்னும் வேலை பாக்கி.

5. உடைத்ததைச் சரிபாருங்கள்

605001605001 = 3 × 101 × 9901 × 201667. இதைத் திரும்பப் பெருக்கிப் பார்ப்பது முதல் வேலை. அதற்கு மேல் இரண்டு குறுக்குச் சோதனை.

ஒன்பதுச் சோதனை: எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 24, மறுபடி கூட்டினால் 6. காரணிகளின் கூட்டெண்கள் 3, 2, 1, 4. பெருக்கினால் 24, மறுபடி 6. சரி.

பதினொன்றுச் சோதனை: எண்ணை 11-ஆல் வகுத்தால் மீதி 2. காரணிகளின் மீதிகள் 3, 2, 1, 4. பெருக்கினால் 24, அதை 11-ஆல் வகுத்தால் மீதி 2. சரி.

இரண்டும் ஏன்? இலக்கம் இடம் மாறினால் ஒன்பதுச் சோதனைக்குத் தெரியவே தெரியாது. 9901-ஐ 9091 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, சோதனை சிரித்துக்கொண்டே "சரி" சொல்லும். பதினொன்றில் அது மாட்டிக்கொள்ளும்: 9901-க்கு மீதி 1, 9091-க்கு மீதி 5.

6. இப்போது ஜாதகம்

உடைத்தது உறுதியானால் மீதிப் பண்புகள் பத்து நிமிட வேலை.

காரணிகளின் எண்ணிக்கை: நான்கு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரு முறை. 2 × 2 × 2 × 2 = 16. ஜோடியாக எழுதுங்கள், எதுவும் விட்டுப்போகாது: 1 – 605001605001, 3 – 201667201667, 101 – 5990114901, 303 – 1996704967, 9901 – 61105101, 29703 – 20368367, 201667 – 3000003, 605001 – 1000001. எட்டு ஜோடி.

காரணிகளின் கூட்டுத்தொகை: ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 4 × 102 × 9902 × 201668 = 814741946688. மேலே உள்ள பதினாறையும் நேரடியாகக் கூட்டினாலும் இதே வர வேண்டும். வரும். எண்ணையே கழித்துவிட்டால் 209740341687, எண்ணைவிடக் குறைவு. ஆக இது குறைவெண். திருப்பாதிரிப்புலியூர் நேர்மாறு: 607002-இன் காரணிகள் கூட்டினால் 1404864, எண்ணைக் கழித்தால் 797862. எண்ணைவிட அதிகம், மிகையெண்.

எண்ணுக்குக் கீழே, அதனோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை (ஆய்லர் சார்பு): ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும். 2 × 100 × 9900 × 201666 = 399298680000.

இந்தச் சுலபச் சூத்திரங்கள் எல்லாம் ஒரு பகா எண் ஒரே முறை வரும்போதுதான். திரும்ப வந்தால் வேறு. புதுச்சேரிப் பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தையே எடுங்கள்: 605 = 5 × 11 × 11. கூட்டுத்தொகை 6 × 12 × 12 = 864 என்று எழுதினால் தவறு. 11 இருமுறை வருவதால் அதற்கு 1 + 11 + 121 = 133 எடுக்க வேண்டும்: 6 × 133 = 798. ஆய்லர் எண்ணும் 4 × 10 × 10 = 400 இல்லை, 4 × 110 = 440. விடைத்தாள் திருத்துபவர்கள் முதலில் தேடுவது இந்தத் தவறைத்தான். மூன்றாம் படியில் "9-ஆல் வகுபடாது" என்று குறிக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா: 4-ஆல் வகுத்து 1 மீதி வரும் பகா எண்ணை ஒரே ஒரு விதமாக அப்படி எழுதலாம். 607001-க்கு மீதி 1. தேடினால் 701 × 701 + 340 × 340 = 491401 + 115600 = 607001. தேடும் வேலையைச் சுருக்க, கடைசி இலக்கம் 1 என்பதையும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதையும் பிடியுங்கள். இரண்டு எண்களில் ஒன்று 5-இன் மடங்காகவும், இரட்டையானது 4-இன் மடங்காகவும் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். 607003-க்கு மீதி 3, ஆகவே முடியாது. நம் பன்னிரண்டு இலக்க எண்ணுக்கும் மீதி 1 தான், ஆனாலும் முடியாது. அதற்குள் 3-உம் 201667-உம் ஒவ்வொரு முறை உட்கார்ந்திருக்கின்றன, இரண்டுக்கும் 4-ஆல் வகுத்த மீதி 3. 3 × 3 = 9, அதன் மீதி 1 ஆகிவிடுவதால் வெளியே நல்ல பிள்ளைபோல் தெரிகிறது. பகு எண்ணுக்கு மொத்த எண்ணின் மீதியை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

இரும எண்ணில் எத்தனை இலக்கம்: 2-இன் 39-ஆம் அடுக்கு 549755813888, நம் எண் அதைவிடப் பெரியது, 40-ஆம் அடுக்கைவிடச் சிறியது. ஆக 40 இலக்கம்.

7. கணினியிடம் கொடுக்கும்போது

எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் உண்மை பேசும். பதினாறாவது இலக்கத்திலிருந்து சத்தமில்லாமல் சுழி போட்டுவிடும். பன்னிரண்டு இலக்க எண் உள்ளே பத்திரமாக இருக்கும், ஆனால் செல்லில் சுருக்கி அடுக்கு வடிவத்தில் காட்டும். வடிவத்தை நம்பர் என்று மாற்றி, தசமத்தைச் சுழியாக்குங்கள். அந்த எண்ணை வர்க்கம் எடுத்தால் 24 இலக்கம் வரும், அதைச் செய்யவே வேண்டாம்.

பைத்தானில் முழு எண்ணுக்கு வரம்பு இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசம எண்ணாக மாறிவிடும், 9007199254740992-க்கு மேல் துல்லியம் போய்விடும். இரட்டைச் சாய்கோடு (//) ஈவுக்கு, விழுக்காட்டுக் குறி (%) மீதிக்கு. அடுக்கு மீதி வேண்டுமானால் பவ் (pow) கட்டளையில் மூன்றாவதாக வகுக்கும் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள், விடை கண் சிமிட்டும் நேரத்தில் வரும். கொடுக்காமல் 2-இன் 607000-ஆம் அடுக்கை முதலில் கணக்கிட்டு அப்புறம் வகுத்தால், கணினி 182726 இலக்க எண்ணைச் சுமந்துகொண்டு அலையும்.

பாரி ஜிபி இதற்கென்றே செய்தது. ஃபாக்டர் என்ற ஒரே கட்டளை நம் எண்ணை உடனே உடைத்துவிடும். கையால் செய்ததை அதில் ஒத்துப்பாருங்கள், முதலிலேயே அதைக் கேட்காதீர்கள். கேட்டால் எங்கே தவறுவீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

சில சயின்டிஃபிக் கால்குலேட்டர்களில் காரணிப்படுத்தும் வசதி உண்டு. பத்து இலக்கம் வரைதான் எடுக்கும், மூன்று இலக்கம் வரையுள்ள பகா எண்களைத்தான் தேடும். 1996704967-ஐக் கொடுத்தால் அப்படியே அடைப்புக்குறிக்குள் திருப்பித் தரும். அதைப் பார்த்து "பகா எண்" என்று எழுதிவிடாதீர்கள். "என்னால் இதற்கு மேல் முடியவில்லை" என்பதுதான் அந்த அடைப்புக்குறிக்குப் பொருள். உள்ளே இருப்பது 9901 × 201667.

8. எங்கே நிறுத்துவது

கையால் செய்ய ஆறு, ஏழு இலக்கம் நியாயமான அளவு. பன்னிரண்டு இலக்கம் நம் எடுத்துக்காட்டைப் போல உருவம் கைகொடுத்தால் மட்டுமே. அதற்கு மேல் கணினி. கணினிக்கும் எல்லை உண்டு. பகா எண்ணா என்று சோதிப்பது நூற்றுக்கணக்கான இலக்கத்துக்கும் சுலபம், உடைப்பதுதான் கடினம். ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை 2020-ல் உடைத்தபோது ஏறக்குறைய 2,700 கோர்-ஆண்டுக் கணினி நேரம் பிடித்தது (கணினியின் ஒரே ஒரு கோர் ஓர் ஆண்டு முழுக்க ஓடினால் அது ஒரு கோர்-ஆண்டு).

உடையாத எண் வந்து மாட்டிக்கொண்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுக்குச் சோதனையில் 1 வராத மீதியை எழுதி, "பகு எண், காரணி கிடைக்கவில்லை, இத்தனை வரை வகுத்துப் பார்த்தது" என்று குறித்துவிடுங்கள். அதுவும் முழுமையான பதிவுதான். "பெரும்பாலும் பகா எண்" என்று கணினி சொன்னதை "பகா எண்" என்று மாற்றி எழுதுவதுதான் தப்பு.

கடைசியாகச் சுத்தப் பிரதி. ஒரு பக்கத்தில் எண், இடைவெளி விட்டு எழுதியது, பகாக் காரணிகள், ஒன்பது, பதினொன்றுச் சோதனைகள், பண்புகள், பயன்படுத்திய கருவி. பின்னால் மீதிப் பட்டியலை இணையுங்கள். பட்டியலைப் பென்சிலில் எழுதியிருந்தால் ஜெராக்ஸில் விழாது. அதை மட்டும் முதலிலிருந்தே கறுப்புப் பேனாவில் எழுதுங்கள், தவறியதை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள்.